பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்குத் துறை: எந்தப் படிப்பு, எந்தக் கையெழுத்து?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "சிஏ ரொம்பக் கஷ்டமாமே, ஏசிசிஏ படிச்சா லண்டன் சர்டிபிகேட்டாம்" என்பார் சித்தப்பா. "ரெண்டே பேப்பர், சிஎம்ஏ முடிஞ்சிடும்னு பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்கான்" என்பார் மாமா. ஏழு வருஷமாக சிஏ எழுதிக்கொண்டே இருக்கும் பக்கத்துத் தெரு அண்ணனின் கதையும் தவறாமல் வந்துபோகும்.

எல்லாப் படிப்பையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து, எது சுலபம், எது பெரிசு என்று பார்ப்பதில்தான் இந்தப் பேச்சு சிக்கிக்கொள்கிறது. அவை ஒரே வகைப் படிப்புகளே இல்லை. சில படிப்புகள் சட்டம் ஒதுக்கிக் கொடுத்த ஒரு கையெழுத்து உரிமையைத் தருகின்றன. மற்றவை வேலைக்கு எடுப்பவரிடம் காட்ட ஒரு தகுதிச் சான்றைத் தருகின்றன. முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை பணம், வருஷம், ஆங்கிலம் ஆகிய மூன்றும்தான்.

சட்டம் யாருக்கு என்ன கொடுத்திருக்கிறது

இந்தியாவில் ஒரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட சிஏ எனப்படும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்டால்தான் முடியும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 141ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வருமான வரிச் சட்டம் கேட்கும் டாக்ஸ் ஆடிட்டும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியோ, சிவகாசி அச்சகமோ, ஈரோட்டு மஞ்சள் வியாபாரியோ, விற்றுமுதல் சட்டம் சொல்லும் அளவைத் தாண்டினால் ஒரு சிஏவின் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும். வங்கிக் கிளைகளின் ஆண்டுத் தணிக்கையும் சிஏ நிறுவனங்களுக்குத்தான் போகிறது. நம் ஊரில் 'ஆடிட்டர்' என்றாலே சிஏ என்று ஆகிப்போனது இதனால்தான்.

சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் 1949இல் வந்தது. அதன்படி அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, சிஏ தேர்வுகளை நடத்தும் ஐசிஏஐ என்ற அமைப்பு உருவானது. தலைமையகம் டெல்லியில் இருக்கிறது. தென்னிந்தியக் கிளைக் குழுவின் அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கத்தில். சட்டம் வருவதற்கு முன்பே மதராஸில் கணக்குத் தொழில் வேரூன்றியிருந்தது. இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்று சொல்லப்படும் ஆர். சிவபோகம் சென்னைக்காரர்தான். சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்டு வேலூர் சிறைக்குப் போய் வந்தவர், 1933இல் தேர்ச்சி பெற்றார். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஆடிட்டர் படிப்பு" என்று இன்றைக்கும் கேட்கும் பெரியவர்கள் இருந்தால் அந்த ஆண்டை மட்டும் சொன்னால் போதும்.

இரண்டாவது, சிஎம்ஏ எனப்படும் செலவுக் கணக்காளர் படிப்பு. பழைய ஆட்கள் ஐசிடபிள்யூஏ என்பார்கள். 2012இல் பெயர் மாறியது. 1959இல் தனிச் சட்டம் வந்து கொல்கத்தாவைத் தலைமையகமாகக் கொண்டு இந்த அமைப்பு ஏற்பட்டது. கம்பெனிகள் சட்டத்தின் 148ஆம் பிரிவு சில தொழில்களில் செலவுக் கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்கிறது; குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகளில் அதைத் தணிக்கையும் செய்யச் சொல்கிறது. அந்த காஸ்ட் ஆடிட்டில் கையெழுத்திடுபவர் சிஎம்ஏ. சிமென்ட், சர்க்கரை, உரம், மருந்து, மின்சாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

மூன்றாவது, சிஎஸ் எனப்படும் கம்பெனி செயலாளர் படிப்பு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலுத்தப்பட்ட மூலதனம் உள்ள தனியார் கம்பெனிகளும் முழுநேர சிஎஸ் ஒருவரை வைத்திருக்க வேண்டும். இது கணக்குப் படிப்பு என்பதைவிட சட்டப் படிப்புக்குத்தான் நெருக்கம். எண்களைவிடச் சட்டப் பிரிவுகளையும் தீர்மானங்களையும் படிப்பதில் ஒருவருக்கு ஆர்வம் இருந்தால் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்றும் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தவை. ஏசிசிஏ அப்படியில்லை. அது 1904இல் லண்டனில் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் அமைப்பின் படிப்பு. உலகம் முழுக்க மதிப்பு உண்டு, பாடத்திட்டமும் நல்ல தரம். ஆனால் ஏசிசிஏ மட்டும் முடித்த ஒருவர் இந்தியாவில் ஒரு பெட்டிக்கடை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறினால்கூட அதன் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட முடியாது. பிரிட்டனிலேயே தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது. அதற்கெனத் தனித் தகுதி வாங்க வேண்டும். "180 நாடுகளில் செல்லும்" என்ற விளம்பர வரியை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

மாமா பார்த்த 'ரெண்டு பேப்பர் சிஎம்ஏ' அமெரிக்காவைச் சேர்ந்த ஐஎம்ஏ என்ற அமைப்பு நடத்துவது. கொல்கத்தா சிஎம்ஏவோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரின் மூன்று எழுத்து மட்டும் ஒன்று. இரண்டு பகுதித் தேர்வு, 500க்கு 360 எடுத்தால் தேர்ச்சி என்பதெல்லாம் உண்மைதான். போஸ்டரில் சின்ன எழுத்தில்கூட இல்லாதது என்னவென்றால், தேர்வை முடித்தாலும் ஒரு டிகிரியும் இரண்டு வருஷ வேலை அனுபவமும் காட்டினால்தான் சான்றிதழ் கைக்கு வரும். பிளஸ் டூ முடித்தவுடன் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பி.காம் மூன்றாம் ஆண்டிலோ, வேலைக்குப் போன பிறகோ யோசிக்கலாம். இந்தியச் சட்டத்தில் அதற்கென எந்தக் கையெழுத்து உரிமையும் கிடையாது.

சிஏ: பேப்பர் 16, காலம் கணக்கில்லை

2023 ஜூலையில் சிஏ பாடத்திட்டம் மாறியது. அண்ணன், அக்கா சொல்லும் கதைகளில் பாதி பழைய திட்டத்தைப் பற்றியவை என்பதால் இப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டேஷனில் நான்கு பேப்பர்: கணக்கியல், வணிகச் சட்டங்கள், கணிதமும் புள்ளியியலும், பொருளாதாரம். இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பாக ஆறு பேப்பர். ஃபைனலிலும் அப்படியே ஆறு. நடுவில் ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சியாக வேலை பார்க்கும் ஆர்ட்டிகிள்ஷிப்; முன்பு மூன்று வருஷமாக இருந்தது இப்போது இரண்டு வருஷம். இன்டரின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும். அது முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல். முதல் முயற்சியிலேயே எல்லாம் தேறினால் மூன்றரையிலிருந்து நான்கு வருஷத்தில் முடிந்துவிடும். சொந்தமாக ஆபீஸ் போட்டுத் தொழில் நடத்த விரும்புபவர் தேறிய பிறகு ஒரு வருஷம் சிஏ நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதும் புதுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

'முதல் முயற்சியிலேயே' என்ற சொல்லில்தான் வில்லங்கம். தேர்ச்சி விதி இரட்டைக் கத்தி மாதிரி: ஒவ்வொரு பேப்பரிலும் 40 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதமும் வர வேண்டும். ஃபவுண்டேஷனில் ஒரு மாணவி 60, 55, 52, 38 எடுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 205, பாதிக்கு மேல். ஆனாலும் ஃபெயில். இன்னொருவர் 52, 50, 48, 45. எல்லாம் 40க்கு மேல். மொத்தம் 195 என்பதால் அவரும் ஃபெயில். இருவரும் நான்கு பேப்பரையும் மறுபடி எழுத வேண்டும். இன்டர், ஃபைனலில் மட்டும், ஒரு குரூப் போனாலும் அதில் 60 எடுத்த பேப்பருக்கு விலக்கு கிடைக்கும்.

2024 ஜூனில் ஃபவுண்டேஷன் எழுதியவர்களில் தேறியவர்கள் 14.96 சதவீதம். 2025 ஜனவரியில் 21.52. 2024 நவம்பரில் ஃபைனலின் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் 13.44 சதவீதம் பேர்தான் தேறினார்கள். இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுவதிலும் அர்த்தமில்லை, கண்டுகொள்ளாமல் விடுவதிலும் அர்த்தமில்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவே சும்மா பதிந்துவிட்டு வந்து எழுதியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஒழுங்காகத் தயாரித்தவருக்கு வாய்ப்பு அதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் நன்றாகத் தயாரித்தவர்களும் இரண்டு மூன்று முறை எழுதித்தான் தேறுகிறார்கள் என்பது இந்தப் படிப்பின் சாதாரண நடைமுறை. 2024 முதல் ஃபவுண்டேஷனும் இன்டரும் வருஷத்துக்கு மூன்று முறை நடக்கின்றன என்பதால் ஒரு தோல்வி இப்போது ஆறு மாதத்தை விழுங்குவதில்லை, நான்கு மாதத்தோடு விடுகிறது.

எனவே வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு நான்கு வருஷத்துக்கு இல்லை, ஆறு வருஷத்துக்கு. பதினேழு வயதிலிருந்து இருபத்து மூன்று வரை பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்க்காமல் வீடு ஓடுமா? ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஸ்டைபண்ட் உண்டு, ஆனால் ஐசிஏஐ நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் சில ஆயிரம் ரூபாய்தான். சென்னையில் ஹாஸ்டலுக்கே அது காணாது. பெரிய நிறுவனங்கள் கூடுதலாகத் தருகின்றன. மதுரை, கோவை, சேலம், திருச்சி எங்கும் சிஏ அலுவலகங்கள் இருக்கும்போது வீட்டுச் சாப்பாட்டோடு அங்கேயே ஆர்ட்டிகிள்ஷிப் முடிப்பது ஒன்றும் இரண்டாந்தரம் இல்லை. சொல்லப்போனால், பெரிய நிறுவனத்தில் இரண்டு வருஷமும் ஒரே கம்பெனியின் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. சின்ன ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், டாக்ஸ் ஆடிட், வங்கிக் கடனுக்கான அறிக்கை, மில்லில் ஸ்டாக் எண்ணுவது, வரி அலுவலகத்துக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று எல்லாம் தலையில் விழும். நாளைக்குச் சொந்த ஊரில் ஆபீஸ் போட நினைப்பவருக்கு இரண்டாவதுதான் பாடம். கார்ப்பரேட் வேலைக்குப் போக நினைப்பவருக்கு முதலாவதன் பெயர் உதவும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இன்டர் தேறி, ஆர்ட்டிகிள்ஷிப்பும் அதனோடு சேர்ந்த ஆன்லைன் பாடங்களும் முடித்து, ஃபைனல் மட்டும் வராமல் நின்றுபோனவர்களுக்கு 'பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட்' என்று ஒரு சான்றிதழைப் புதுத் திட்டம் தருகிறது. முன்பெல்லாம் இவர்கள் வெறுங்கையோடு வெளியே வருவார்கள். அந்தச் சான்றிதழ் வேலைச் சந்தையில் எவ்வளவு எடுபடும் என்பதைக் காலம்தான் சொல்லும் என்றாலும், கதவு என்று ஒன்று வைத்தார்களே, அதுவே நல்லது.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு

வழிகாட்டி நிகழ்ச்சிகளில் யாரும் இதை உரக்கச் சொல்வதில்லை: சிஏ தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைக்குத் தாய்மொழியில் எழுதும் வழி இருக்கிறது, நம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. கடலைத் தாண்டினால் இலங்கையில் ஏஏடி போன்ற கணக்கியல் தேர்வுகளைத் தமிழிலேயே எழுத முடிகிறது என்பதை நினைத்தால் இது முடியாத காரியம் என்று சொல்லவும் வழியில்லை.

இதன் நடைமுறை விளைவு என்ன? மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை ஃபவுண்டேஷனில் கணக்குப் பேப்பரில் தடுமாறுவதில்லை. பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு என்று படித்ததை ஆங்கிலச் சொற்களுக்கு மாற்றிக்கொள்ள ஒரு மாதம் போதும். அவர் விழுவது சட்டப் பேப்பரில். அங்கே ஒரு பத்தி நீளத்துக்கு ஒரு சம்பவம் கொடுப்பார்கள்: ஒருவர் விற்க ஒப்புக்கொண்டார், இன்னொருவர் முன்பணம் கொடுத்தார், பொருள் வழியில் கெட்டுப்போனது, நஷ்டம் யாருடையது? சட்டம் என்ன சொல்கிறது, இந்தச் சம்பவத்தில் அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. அதோடு கணிதப் பேப்பரும் பொருளாதாரமும் கொள்குறி வகை. தப்பாக டிக் அடித்தால் கால் மதிப்பெண் கழிப்பார்கள். வணிகக் கணிதம் எடுக்காமல் கணினிப் பயன்பாடு எடுத்த காமர்ஸ் மாணவருக்கு அந்தக் கணிதப் பேப்பர் புதுப் பூமி.

இவர்களுக்கு என் யோசனை, அவசரப்பட வேண்டாம் என்பதுதான். சிஏவுக்கு இரண்டு வாசல் உண்டு. காமர்ஸ் டிகிரியை 55 சதவீதத்தோடு முடித்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டரில் சேரலாம். மற்ற டிகிரிகளுக்கு 60 சதவீதம் வேண்டும். மூன்று வருஷம் பி.காம் படிக்கும்போது ஆங்கிலத்தையும் எழுத்தையும் தேற்றிக்கொண்டு இருபத்தோரு வயதில் உள்ளே போகலாம். பிளஸ் டூ முடித்தவுடன் சேர்பவரைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் பின்னால் போகும். ஆனால் ஃபவுண்டேஷனையே நாலு முறை எழுதி மனம் உடைந்துபோகும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு வருஷம் மலிவு. ஃபவுண்டேஷன் பதிவு நான்கு வருஷம்தான் செல்லும், புதுப்பிக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கோச்சிங் கட்டணம் கட்ட வசதியில்லை என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். ஐசிஏஐயின் பாடப் புத்தகங்கள் முழுவதும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரலை வகுப்புகளையும் அது காசு வாங்காமல் நடத்துகிறது. தேர்வில் கேள்வி வருவது அந்தப் புத்தகங்களை ஒட்டித்தான். ஃப்ளெக்ஸ் போர்டில் ரேங்க் எடுத்தவர்களின் போட்டோ போட்டிருக்கும் பயிற்சி மையங்கள் தருவது பெரும்பாலும் ஒழுங்கான நேர அட்டவணையையும் மாதிரித் தேர்வுகளையும்தான். தானாக உட்கார்ந்து படிக்க முடியாத பிள்ளைக்கு அது தேவை. மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை.

ஓரமாக நிற்கும் சிஎம்ஏ

கொல்கத்தா சிஎம்ஏவை நம் வீடுகளில் யாரும் முதல் விருப்பமாகப் பேசுவதில்லை. 'சிஏ வராதவங்க படிக்கறது' என்று ஒரு பழைய ஏளனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் போர்டு மாட்டி உட்கார நினைத்தால் அந்த ஏளனத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. டாக்ஸ் ஆடிட்டில் கையெழுத்திட முடியாத ஒருவருக்குச் சின்ன ஊரில் வாடிக்கையாளர் சேர்ப்பது கடினம். ஆனால் வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் கதை வேறு. நெய்வேலி என்எல்சி, திருச்சியில் ஆலை வைத்திருக்கும் பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நிதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் சிஏ, சிஎம்ஏ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் போடுகின்றன. டிஎன்பிஎஸ்சி நடத்தும் மூன்றாம் நிலைக் கணக்கு அலுவலர் தேர்வுக்கும் இரண்டில் எதை முடித்திருந்தாலும் தகுதி உண்டு. ஒரு மூட்டை சிமென்டுக்கு அரியலூர் ஆலையில் என்ன செலவாகிறது, கரும்பு டன்னுக்கு எவ்வளவு சர்க்கரை வந்தால் ஆலை பிழைக்கும் என்கிற மாதிரியான கேள்விகளில் ருசி உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு கிடையாது.

ஃபவுண்டேஷனில் 4, இன்டரில் 8, ஃபைனலில் 8 என்று 20 பேப்பர். ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. தேர்ச்சி விதி சிஏவைப் போலவே 40, 50. பயிற்சி 15 மாதம். அதைத் தொழிற்சாலையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தே கழிக்க முடியும் என்பதுதான் பெரிய வசதி. சம்பாதித்துக்கொண்டே படிக்க வேண்டிய வீடுகளுக்கு சிஏவைவிட இது தோதானது. இதன் இன்டரைத் தேறியவர் பிறகு மனம் மாறினால் ஃபவுண்டேஷன் இல்லாமல் சிஏ இன்டருக்குப் போகலாம். அங்கிருந்து இங்கே வரவும் அதே வசதி உண்டு.

ஏசிசிஏவும் காலேஜ் பேக்கேஜும்

ஏசிசிஏவைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன். மொத்தம் 13 பேப்பர், மூன்று படிநிலை. பேப்பர் பேப்பராக எழுதலாம். ஒன்று போனால் அது மட்டும் போகும், குரூப் மொத்தமும் போகாது. தேர்ச்சி 50 மதிப்பெண். அதோடு 36 மாத வேலை அனுபவம், ஒழுக்கநெறி பற்றிய ஒரு பாடம். அந்த அனுபவத்தைச் சம்பளத்துக்கு வேலை பார்த்தே சேர்க்கலாம், ஆர்ட்டிகிள் கிளார்க்காக உட்கார வேண்டியதில்லை. சென்னை ஓஎம்ஆரில் அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளின் கணக்கு வேலை நடக்கும் மையங்கள் பெருகியிருக்கின்றன. அங்கே பல இடங்களில் பயன்படும் சர்வதேசக் கணக்குத் தரங்களைத்தான் ஏசிசிஏ முதலிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் என்று குடியேறும் எண்ணம் உறுதியாக இருந்தால் அங்கெல்லாம் ஏசிசிஏ பழகிய பெயர். வளைகுடா மட்டும் சற்று வேறு. துபாய், அபுதாபி, தோஹாவில் ஐசிஏஐக்கே கிளைகள் இருக்கின்றன. இந்திய சிஏவை அங்கே யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இப்போது செலவு. எல்லாக் கட்டணமும் பவுண்டில். பதிவுக்கு ஒரு தொகை, ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு தொகை, ஒரு வருஷம் எந்தத் தேர்வும் எழுதாமல் இருந்தாலும் ஆண்டுச் சந்தா. இரண்டாம் படிநிலைப் பேப்பர் ஒன்றுக்கே நூறு பவுண்டைத் தாண்டும், கடைசி நிலையில் இன்னும் அதிகம். ரூபாய் சரிந்தால் கட்டணம் தானாக ஏறும். கோச்சிங்கோடு சேர்த்தால் பல லட்சம் வரும். சிஏவின் மூன்று நிலைகளுக்கும் ஐசிஏஐயில் பதிவுக்குக் கட்டுவது அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

என்னை உறுத்துவது 'பி.காம் வித் ஏசிசிஏ' என்று கல்லூரிகள் விற்கும் பேக்கேஜ். சாதாரண பி.காம் கட்டணத்தைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டு, "ஒன்பது பேப்பருக்கு விலக்கு" என்று பெரிதாகப் போடுவார்கள். விலக்கு உண்மைதான், ஒரு பாடத்திட்டத்துக்கு ஏசிசிஏ அங்கீகாரம் கொடுத்திருந்தால் 9 பேப்பர் வரை விலக்கு கிடைக்கும். ஆனால் அந்த விலக்குக்கும் பேப்பர் கணக்கில் ஏசிசிஏக்குப் பணம் கட்ட வேண்டும். கடைசி நான்கு பேப்பருக்கு யாருக்கும் விலக்கில்லை. அவைதான் கடினம், அங்கேதான் ஆட்கள் தேங்கி நிற்கிறார்கள். மூன்று வருஷம் முடித்து வெளியே வருபவர் ஏசிசிஏ உறுப்பினராக வருவதில்லை, நான்கு பெரிய தேர்வும் மூன்று வருஷ அனுபவமும் பாக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறார். சேர்வதற்கு முன் கல்லூரியின் பெயரையும் பாடப்பிரிவையும் ஏசிசிஏ இணையதளத்தில் உள்ள விலக்குக் கணிப்பானில் போட்டு, எத்தனை பேப்பர் என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் சொல்வதை மட்டும் நம்பி லோன் போடாதீர்கள். 2027இலிருந்து பாடத்திட்டத்தையே மாற்றி அமைக்கப்போவதாக ஏசிசிஏ அறிவித்திருப்பதால், இப்போது சேர்பவர்கள் எந்தப் பேப்பர் எதுவாக மாறும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிகிரியை விடாதீர்கள்

பிளஸ் டூ முடித்த மாதத்தில் இந்த முடிவை வாழ்நாள் முடிவாக எடுக்கிறார்கள். உண்மையில் அந்த மாதத்தில் திரும்பிவர முடியாத முடிவு என்று ஏதும் இல்லை, கல்லூரிக்குக் கட்டும் பெரிய தொகையைத் தவிர. சிஏ ஃபவுண்டேஷனை பி.காம் முதல் வருஷத்தோடு சேர்த்து எழுதிப் பார்க்கலாம்; தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாவது முடித்தவர்களே தற்காலிகமாகப் பதிந்துகொள்ள முடியும் என்பதால் பிளஸ் டூ பொங்கல் லீவுக்கு முன் பதிந்துவைப்பவர்கள் பலர். வழி உண்மையில் பிரிவது இன்டர் தேறிய பிறகு, முழுநேர ஆர்ட்டிகிள்ஷிப்பில் உட்காரும்போது. அப்போது பத்தொன்பது, இருபது வயது. தனக்குக் கணக்கு பிடிக்கிறதா, ஒரு தோல்விக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்பது அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்கும்.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது பெயரை இல்லை, நேரத்தை. காலை வகுப்போ மாலை வகுப்போ மட்டும் வைத்து நடத்தும் கல்லூரி, சிஏ, சிஎம்ஏ படிப்பவர்களுக்கு வரம். வருகைப் பதிவில் கறாராக இருந்து, மாலை ஐந்து மணி வரை பிடித்துவைக்கும் பெரிய கல்லூரி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இவர்களுக்கு இடைஞ்சல்தான். தொலைநிலைக் கல்வியில் பி.காம் முடித்தாலும் கணக்குத் துறையில் யாரும் முகம் சுளிப்பதில்லை. "சிஏதான் முடிக்கப் போறேன், டிகிரி எதுக்கு" என்று அதை விட்டவர்கள் ஃபைனல் தள்ளிப்போகும்போது கையில் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு நிற்கிறார்கள். வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு, எம்பிஏ, அமெரிக்க சிஎம்ஏ எதற்கும் முதலில் கேட்பது டிகிரிதான்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த பிறகும் டிகிரி படிப்பைத் தொடர அனுமதி உண்டு. ஆனால் வகுப்பு நேரம் ஆபீஸ் நேரத்தோடு மோதக் கூடாது. படிவம் 112இல் ஐசிஏஐயிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கல்லூரி முதல்வரும் நீங்கள் வேலை பார்க்கும் ஆடிட்டரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால், கல்லூரியில் சேரும்போதே முதல்வரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.